மரப்பெட்டி கிடாருக்கு எந்த நட், எந்த ஃப்ரெட் நல்லது?

மூன்று கம்பி பெட்டி கிடார் செய்கிறீர்கள். நட்டுக்கு (கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) எலும்பா, பித்தளையா, போல்ட்டா, ஃப்ரெட்டுக்கு (சுர இடங்களில் கழுத்தின் குறுக்கே பதிக்கும் பட்டை) கடையில் விற்கும் கம்பிதான் வேண்டுமா என்பது உங்கள் கேள்வி. ஸ்லைடு (கம்பிமேல் வைத்து நகர்த்தும் கண்ணாடி அல்லது உலோகக் குழாய்) வைத்து வாசிக்கப் போகிறீர்களா, விரலால் அழுத்தியா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

ஸ்லைடு என்றால் ஃப்ரெட்டே வேண்டாம், கழுத்தில் கோடு போட்டால் போதும். நட்டுக்கு ஒரு போல்ட்டைக் குறுக்கே வைக்கலாம். கம்பி அதன் மரையில் உட்கார்ந்துகொள்ளும்.

விரலால் வாசிப்பதற்கு அதே போல்ட் பெரும்பாலும் தொல்லைதான். நட் உயரமாக இருந்தால் முதல் இரண்டு மூன்று ஃப்ரெட்களில் அழுத்தும்போது கம்பி கூடுதலாக இழுபட்டு சுருதி ஏறிவிடும். எவ்வளவு டியூன் செய்தாலும் இது போகாது. மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்கு மேலே பாருங்கள். ஒரு தாள் நுழையும் இடைவெளி போதும். அதற்கு மேல் இருந்தால் நட்டில் கம்பி உட்காரும் காடியை இன்னும் கொஞ்சம் அராவுங்கள். காடி முறுக்காணிப் பக்கம் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். கம்பி நட்டின் முன் விளிம்பைத் தொட்டுத்தான் கிளம்ப வேண்டும், உள்ளே தள்ளித் தொட்டால் இரையும்.

எலும்பா, கெட்டி மரமா என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான். அழுத்தாத கம்பியில்தான் நட்டுக்கு வேலை, அழுத்திய பிறகு ஒலிப்பது ஃப்ரெட்டிலிருந்து. அதனால்தான் முதல் கிடாருக்கு ஜீரோ ஃப்ரெட்டைச் சொல்வேன். நட் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ஃப்ரெட்டை அடித்துவிட்டு, அதன் பின்னால் கம்பிகளைப் பிரித்து வைக்க மட்டும் ஒரு மரத்துண்டு. உயரப் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

ஃப்ரெட்டுக்கு மூங்கில் குச்சி, பல்குச்சி ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நைலான் கம்பிக்கு அது தாங்கும், எஃகுக் கம்பி சீக்கிரமே பள்ளம் பறித்துவிடும். எஃகுக் கம்பி போடுவதாக இருந்தால் நிக்கல் சில்வர் ஃப்ரெட் கம்பியே வாங்குங்கள் (பெயரில்தான் சில்வர், உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும்). அதற்கான வெட்டு சுமார் 0.6 மி.மீ. அகலம் இருக்க வேண்டும். சாதாரண மரரம்பம் அதைவிட அகலமாக வெட்டும், ஃப்ரெட் பிடிக்காமல் எழும்பிவிடும். வெட்டவே தயக்கமா? லூட் என்ற பழைய ஐரோப்பிய வாத்தியத்தில் ஃப்ரெட்டாக நரம்பு கட்டுவதைப்போல, தடித்த நைலான் நூலைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். தப்பானால் நகர்த்திக்கொள்ளலாம்.

இடக் கணக்கு: பிரிட்ஜ் (பெட்டிமேல் கம்பிகளைத் தாங்கும் துண்டு) வரை மீதமுள்ள கம்பி நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817 ஆல் வகுத்தால் அடுத்த ஃப்ரெட்டுக்கான தூரம் வரும். 600 மி.மீ. கம்பிக்கு முதல் ஃப்ரெட் 33.7, இரண்டாவது 65.5, பன்னிரண்டாவது 300 மி.மீ. எல்லாவற்றையும் நட்டிலிருந்தே அளந்து குறியுங்கள். முந்தைய ஃப்ரெட்டிலிருந்து அளந்தால் சின்னச் சின்னப் பிசகெல்லாம் சேர்ந்துகொண்டே போகும்.

பிரிட்ஜை மட்டும் ஒட்டாதீர்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டும் சுரமும், அதே இடத்தில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் ஒன்றாகும்வரை அதை நகர்த்துங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் பிரிட்ஜ் இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.