மரத்தூரை அரைக்கிற ஸ்டம்ப் கிரைண்டரில் வெட்டுச் சக்கரம் பக்கம் கரகரவென்று சத்தம் வருகிறது. கிரீஸ் அடித்தால் போதுமா, பேரிங்கையே மாற்ற வேண்டுமா?

பழைய மிஷின்தான் வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மாற்றிவிடுங்கள். கரகரப்பு காதுக்கு எட்டிய பேரிங்குக்குக் கிரீஸ் அடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. நான் அடித்துப் பார்த்தவன்.

திருநெல்வேலிக்குப் பக்கம், சீவலப்பேரி வட்டாரத்தில் தென்னந்தூர் அரைக்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் என் மிஷின் கொட்டகையிலேயே இரண்டு நாள் மூழ்கிக் கிடந்தது. தண்ணீர் வடிந்ததும் எங்கே பார்த்தாலும் சாய்ந்த மரம், போன் மேல் போன். எஞ்சின் ஆயில், ஃபில்டர், கார்புரேட்டர் எல்லாம் சுத்தம் செய்தேன். சக்கரத்தின் இரண்டு பக்கமும் பேரிங்கைத் தாங்குகிற இரும்புக் கூடுகளான பிளம்மர் பிளாக்குகளுக்கு மட்டும் நாலு அழுத்து கிரீஸ் அடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். மூன்றாம் நாள், ஏழாவது தூரில் சக்கரம் உதறியது. பெல்ட் பக்க பிளாக்கில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. கழற்றினால் உள்ளே கிரீஸ் தோசை மாவு மாதிரி வெளுத்திருந்தது. குண்டு ஓடும் பாதையெல்லாம் துருப்புள்ளி. உள்வளையம் ஷாஃப்ட்டின் மேலேயே சுற்றி அதையும் தின்றிருந்தது. பேரிங்கோடு போயிருக்க வேண்டிய செலவு, ஷாஃப்ட்டை வெல்டிங் நிரப்பிக் கடைகிற வரைக்கும் போனது.

ஜேசிபி வைத்துப் பிடுங்கலாமே என்று யாராவது எழுதுவார்கள். வீட்டுச் சுவரை ஒட்டி நிற்கிற மரத்துக்கு அது ஆகாது.

இப்போது நான் பார்க்கிற விதம் இது. சாவியை எடுத்து, பிளக் வயரைக் கழற்றி, பெல்ட்டையும் தளர்த்திவிடுவேன். பெல்ட் இறுக்கமாக இருந்தால் பேரிங்கின் ஆட்டம் கைக்குத் தெரியாது. கையுறை போட்டுக்கொண்டு சக்கரத்தை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருக்கவே கூடாது. அப்புறம் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே, நீள ஸ்க்ரூடிரைவர் முனையை பிளாக்கில் ஊன்றி, பிடியைக் காதோடு வையுங்கள். மணல் நெரிபடுகிற மாதிரி கேட்டால் முடிந்தது. பல் ஒன்று விழுந்த சக்கரத்தை அப்படியே ஓட்டினாலும் அதிர்ந்து அதிர்ந்து பேரிங்தான் போகும்.

கிரீஸ் அடிக்குமுன், கிரீஸ் உள்ளே போகிற நிப்பிளைத் துடையுங்கள், இல்லையென்றால் தேரி மணலை நாமே உள்ளே தள்ளுகிறோம். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே அடித்து, சீல் ஓரம் புது கிரீஸ் லேசாக எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிடுங்கள். கூட அடித்தால்தான் நல்லது என்பவர்கள் உண்டு, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சீல் பிதுங்கும், சூடும் ஏறும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். காய் வெட்டுகிறவருக்கு அன்றைக்கே கூலி கொடுக்கிற தோப்புக்காரர்கள், தூர் அரைத்தவனிடம் மட்டும் "அடுத்த வெட்டு கழியட்டும் தம்பி, தாரேன்" என்கிறார்கள். வெட்டுக்கு வெட்டு நாற்பத்தைந்து நாள். பேரிங் கடையில் எனக்கு யார் கடன் தருகிறார்கள்?

வாங்கப் போகும்போது பேரிங்கில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் ஷாஃப்ட் அளவு வரும். யூசி 208 என்றால் 40 மி.மீ. இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு மணி நேரம் ஓட்டியதும் நிறுத்தி, உள்வளையத்தை ஷாஃப்ட்டோடு பிடித்து வைக்கிற சின்ன கிரப் ஸ்க்ரூ இரண்டையும் மறுபடி முடுக்கிவிடுங்கள். என் ஷாஃப்ட்டைத் தின்றது அது தளர்ந்ததுதான்.