கொழும்பில போஸ்ட்பெய்டை விட்டிட்டு மலிவான ப்ரீபெய்ட் சிம்முக்கு மாறினா கட்டுமா?

கட்டும். ஆனா பழைய சிம்மை உடன தூக்கி எறிஞ்சுபோடாதேங்கோ, ஒரு மாசம் ரெண்டையும் ஒண்டா வச்சிருந்து பாருங்கோ. நான் அப்பிடிச் செய்தபடியாத்தான் தப்பினனான்.

நாங்கள் வெள்ளவத்தையில, காலி வீதிக்குக் கடல் பக்கமா ஒரு ஃப்ளாட்டில மூண்டாம் மாடி. எட்டு வருசமா ஒரு பெரிய கம்பெனியிட போஸ்ட்பெய்ட். 2022 செப்டம்பரில மொபைல் கட்டணம் 20 வீதம் கூடிச்சு, பிறகு 2024 ஜனவரியில வற் வரி 15இல இருந்து 18 ஆச்சு, நான் என்ன பக்கேஜில இருக்கிறன் எண்டே பாக்காமல் பில் வர வரக் கட்டிக்கொண்டு இருந்திட்டன். ஒருநாள் மனுசி மூண்டு மாசப் பில்லையும் மேசையில விரிச்சு வச்சுப் பேனையால கோடு போட்டுக் காட்டினா. 3,400, 3,550, பிறகும் 3,400. வாற டேட்டாவில பாதி கூட நான் முடிக்கேல்லை, அதோட ரிங்கிங் டோன் எண்டு மாசாமாசம் கொஞ்சக் காசு வெட்டுப்படுது, அதை எப்ப போட்டனான் எண்டு ஞாபகமே இல்லை. வீட்டில வைஃபை, ஒஃபிஸில வைஃபை, இடையில 100ஆம் நம்பர் பஸ்ஸில இருக்கிற நேரத்துக்கு மட்டும்தான் எனக்கு டேட்டா வேணும். அதுக்கு ஏன் இவ்வளவு காசு எண்டு அவ கேட்டது சரியான கேள்வி.

அமெரிக்காவில இருக்கிற மச்சான் மின்ட் மொபைல் பாவிக்கிறார், "மலிவு சிம் எடு, ஒரு வித்தியாசமும் தெரியாது" எண்டார். அங்க அது சரி, ஏனெண்டா மின்ட் ஓடுறது டி-மொபைலிட நெட்வொர்க்கில, மலிவா எடுத்தாலும் அதே சிக்னல்தான். இங்க அப்பிடி இல்லை. 2018இல ஹட்ச் எடிசலாட்டை வாங்கிச்சு, 2024இல டயலொக் எயார்டெல்லை வாங்கிச்சு, ஐஞ்சு கம்பெனி இருந்த ஊரில இப்ப டயலொக், எஸ்எல்டி மொபிடெல், ஹட்ச் எண்டு மூண்டுதான். கம்பெனி மாறினா நெட்வொர்க்கே மாறும். அதால விலையைப் பாக்க முதல் சிக்னலைப் பாக்கோணும்.

நான் ஐடென்டிட்டி கார்டைக் கொண்டுபோய் ஒரு மலிவு சிம் எடுத்துப் போட்டன். ஹோலில நாலு கோடு, குசினியில ரெண்டு, பின் அறையில கதவைச் சாத்தினா ஒண்டுமே இல்லை. பின் அறை எங்களுக்கு முக்கியம், ராவில எட்டு மணிக்குப் பருத்தித்துறையில இருந்து அம்மா எடுப்பா, ஹோலில பிள்ளை படிக்கிறபடியா நான் அங்க போய்த்தான் கதைக்கிறது. நாலு நாளா "தம்பி, வெட்டி வெட்டிக் கேக்குது" எண்டு சொல்லிக்கொண்டே இருந்தா, எனக்குச் சரியான கவலையாப் போச்சு. பிறகு வேற கம்பெனி சிம் ஒண்டைப் போட்டுப் பாத்தா அதே அறையில வடிவா எடுக்குது. எந்தக் கம்பெனி எண்டு வேணுமெண்டுதான் சொல்லேல்லை, பக்கத்து ஃப்ளாட்டிலயே மற்றப் பக்கம் பாத்த அறையில அது தலைகீழா இருக்கலாம். நீங்கள் எங்க நிண்டு கனக்கக் கதைக்கிறீங்களோ அங்க வச்சுப் பாருங்கோ, கடை வாசலில வச்சுப் பாத்து ஒரு பிரயோசனமும் இல்லை.

பக்கேஜ் எடுக்கேக்க நாளை எண்ணுங்கோ. 28 நாள் பக்கேஜ் எண்டா வருசத்துக்கு 12 தரம் இல்லை, 13 தரம் காசு போடோணும். மொத்த ஜிபியைப் பெரிசாப் போட்டிருப்பாங்கள், அதில எவ்வளவு எனிடைம், எவ்வளவு நைட் டேட்டா எண்டு பாருங்கோ, ராவில நித்திரை கொள்ளுற ஆளுக்கு நைட் டேட்டா ஏன்? மற்றது, மெயின் பலன்ஸில கனக்கக் காசு விடாதேங்கோ. டேட்டா முடிஞ்சது தெரியாமல் பஸ்ஸில வீடியோ பாத்துக்கொண்டு வந்து பம்பலப்பிட்டியில இறங்கேக்க ரீலோட் பண்ணின காசு முழுக்கப் போயிருந்தது, மலிவு எண்டு எடுத்த சிம்மில முதல் மாசம் பட்ட அடி அது.

பழைய நம்பர் விசயம். பாங்க் ஓடிபி எல்லாம் அதுக்குத்தான் வரும், ஊரில அம்மாவிட ஆக்கள் எல்லாரிட்டயும் அந்த நம்பர்தான். அதால நான் நம்பரை விடேல்லை, நிலுவையைக் கட்டிப்போட்டு அதே கம்பெனியில ப்ரீபெய்டுக்கு மாத்திக் கேட்டு, அதை ரெண்டாவது சிம்மாப் போட்டு வச்சிருக்கிறன். அதுக்கும் இடைக்கிடை சின்ன ரீலோட் போடோணும், கனநாள் போடாமல் விட்டா நம்பர் போயிடும், நான் போன் கலண்டரில ரிமைன்டர் வச்சிருக்கிறன். இப்ப ரெண்டுக்கும் சேத்து மாசம் 1,400 சொச்சம்தான் போகுது.