போனில் நெட் வருகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் விட்டு விட்டு வருகிறது, பழைய செட்டிநாட்டு வீட்டில் என்ன பார்க்க வேண்டும்?

வீடு காரைக்குடி பக்கம், பைபர் லைன், ரௌட்டர் முகப்பில், கம்ப்யூட்டர் இரண்டாம் கட்டு அறையில் என்று எழுதியிருக்கிறீர்கள். கம்பெனிக்குப் போன் போடும் முன் கோளாறு வெளியிலா வீட்டுக்குள்ளா என்று பிரித்துவிடுங்கள்.

முதலில் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வைஃபையில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். வைஃபை சரியில்லை என்றால் போன் தானாகவே சிம் நெட்டுக்குத் தாவிவிடும், நாம் போனில் நன்றாக வருகிறது என்று நினைத்துக் கம்ப்யூட்டரைப் போட்டு நோண்டிக்கொண்டிருப்போம். அடுத்தது ரௌட்டரில் LOS என்று எழுதியிருக்கும் எல்ஓஎஸ் விளக்கு. அது சிவப்பாக மினுக்கினால் லைனில்தான் கோளாறு. உள்ளே வரும் மெல்லிய ஒயர் கதவு நிலையில் நசுங்கியிருக்கிறதா, முழங்கை மாதிரி மடங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது கண்ணாடி இழை, கழற்றித் துடைக்கிற வேலையெல்லாம் வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கள்.

விளக்கு சரியாக இருந்தால், சிரமம் பார்க்காமல் கம்ப்யூட்டரை முகப்புக்குத் தூக்கிப் போய் லேன் கேபிளில் மாட்டுங்கள். கேபிளில் நன்றாக ஓடி, அங்கேயே வைஃபையிலும் ஓடினால் சந்தேகமே வேண்டாம், குற்றவாளி உங்கள் வீட்டுச் சுவர்தான். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக அவ்வளவு தடிமனில் கட்டிய சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை செத்துவிடும். இன்னொரு அலையான 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் குறைவு, ஆனால் தூரம் போகும், கம்ப்யூட்டரை அதில் சேருங்கள்.

இன்னொன்று, நம் வீடுகளில் முகப்பு வாசலில் நின்றால் பின்கட்டு வாசல் வரை நேராகத் தெரியுமே, அந்த நேர்கோட்டில் ரௌட்டரை உயரமாக வையுங்கள், மூலை அலமாரிக்குள் வைக்காதீர்கள். நிரந்தரமாகச் சரியாக வேண்டுமென்றால் வளவு, அதாவது உள்முற்றத்தின் ஓரமாகவே மரச்சட்டத்தை ஒட்டி கேட் 6 என்ற வகை லேன் கேபிள் ஒன்று இழுத்துவிடுங்கள், 100 மீட்டர் வரை தாங்கும். வாசல் வழியாகவே கொண்டுபோனால் சுவரில் துளை போட வேண்டாம், ஆத்தங்குடிக் கல் தரையையும் தொட வேண்டாம். சிக்னலை வாங்கித் திருப்பிவிடும் ரிப்பீட்டர் பெட்டியைவிட இது எவ்வளவோ மேல்.

கேபிளிலும் வரவில்லையா? விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்ட்டில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடியுங்கள். 169.254 என்று தொடங்கும் எண் வந்தால் ரௌட்டர் முகவரியே கொடுக்கவில்லை, ரௌட்டரை அணைத்துப் போடுங்கள். எண் ஒழுங்காக இருந்தால் அங்கேயே ping 8.8.8.8 என்று அடித்து, வெளியிலிருந்து பதில் வருகிறதா என்று பாருங்கள். அதற்குப் பதில் வந்தும் தளம் எதுவும் திறக்கவில்லை என்றால் தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறு, நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் எண்ணை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றுங்கள்.

அப்புறம், திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீடு என்றால் கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். நெடுநாள் கரண்ட் இல்லாமல் கிடந்தால் மதர்போர்டில் இருக்கும் பழைய சிஆர் 2032 பேட்டரி தீர்ந்து தேதி பழைய வருஷத்துக்குப் போயிருக்கலாம், அப்படியானால் நெட் இருந்தும் பாதுகாப்பில்லாத இணைப்பு என்று சொல்லித் தளங்கள் திறக்க மறுக்கும். கடையில் அந்த வட்ட பேட்டரி சல்லிசாகக் கிடைக்கும்.

கேபிளில் ஓடியதா, ஐபிகான்ஃபிக்கில் என்ன எண் வந்தது என்று கீழே எழுதுங்கள், மேற்கொண்டு பார்ப்போம்.