ஒரே குழலுக்குள் இருவர்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஈரோட்டில் ஒரு பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் ஆசிரியராக இருக்கிறேன். சென்ற மாதம் என் மனைவிக்குப் பித்தப்பையில் கல் என்று லேப்ராஸ்கோப்பி முறையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். நான்கு சிறு துளைகள்தான். மறுநாளே எழுந்து நடந்துவிட்டாள். பதிவை ஒரு பென் டிரைவில் கொடுத்தார்கள். வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்தபோது அந்தப் படத்தின் துல்லியம் என்னை மிரட்டிவிட்டது.

உடலுக்குள் பார்க்கும் கருவிகள் பற்றிய உங்கள் பழைய கட்டுரை அப்போது நினைவுக்கு வந்தது. அதில் ஒளியியல் ஆராய்ச்சியாளர் ஹெரால்டு ஹாப்கின்ஸுக்கு இரண்டு பத்தி. நரீந்தர் சிங் கபானிக்கு ‘அவருடைய மாணவர்’ என்று அரை வரி. ஒளியைச் சுமக்கும் கண்ணாடி நூலான ஒளியிழையின் தந்தை நம் கபானி, அவருக்கு வரவேண்டிய நோபலை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் வகுப்பில் சொல்லிவருகிறேன். வெள்ளைக்காரர் பெயர் வந்தால் மட்டும் உங்களைப் போன்றவர்களின் பேனாவில் மை தாராளமாக ஊறுவது ஏன்? இன்னொன்றும் கேட்கிறேன்: மருத்துவமே படிக்காத மனிதருக்கு வயிற்றுக்குள் என்ன வேலை?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், ஈரோடு)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் துணைவியார் நலமாக இருப்பது அறிந்து மகிழ்ச்சி. கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி, அரை வரிதான். குறை என்னுடையது. இந்தப் பதிலில் அதைச் சரிசெய்கிறேன். ஆனால் அதற்காக ‘தந்தை’ பட்டத்தை நீங்கள் சொல்லும் இடத்தில் கொண்டுபோய் வைக்க என்னால் முடியாது.

முதலில் நோபல் கணக்கைத் தீர்த்துவிடுவோம். 2009-ல் சார்லஸ் காவோவுக்குக் கொடுத்தது தொலைத்தொடர்புக்கு. இழைக்குள் ஒளி சீக்கிரம் மங்கிப்போவதற்குக் கண்ணாடியில் கலந்திருக்கும் மாசுதான் காரணம், அதை நீக்கினால் கிலோமீட்டர் கணக்கில் செய்தி அனுப்பலாம் என்று 1966-ல் காட்டியவர் அவர். வயிற்றுக்குள் பார்ப்பதற்கு ஒரு மீட்டர் இழை போதும். பரிசைக் கபானியோடு பகிர்ந்திருக்கலாம் என்று வாதாடுங்கள், நானும் கூட நிற்கிறேன். பறித்துவிட்டார்கள் என்று வகுப்பில் சொல்லாதீர்கள்.

இப்போது இழைக் கதை. 1868-லேயே குஸ்மால் என்ற ஜெர்மானிய மருத்துவர் இரைப்பைக்குள் எட்டிப்பார்த்திருக்கிறார். அதற்கு அவர் தேடிப்பிடித்தது வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரை! நேர்க் குழாயை விழுங்க வேறு யாரால் முடியும்? பிற்பாடு வந்த குழாய்கள் கொஞ்சம் வளைந்தன. நோயாளியின் வேதனையும் மருத்துவரின் பார்வைக்கு எட்டாத மூலைகளும் அப்படியே இருந்தன. 1951-ல் ஒரு விருந்தில் ஹியூ கெயின்ஸ்பரோ என்ற லண்டன் மருத்துவர் இதைச் சொல்லிப் புலம்பினார். கேட்டுக்கொண்டிருந்தவர் இம்பீரியல் கல்லூரியில் ஒளியியல் ஆராய்ந்துகொண்டிருந்த ஹாப்கின்ஸ். படிப்பால் இயற்பியலாளர். லென்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்துப் பழகிய கை. 1948-ல் பிபிசிக்காக ஜூம் லென்ஸ் வடிவமைத்தவர். அதற்கு முன்பு கேமராக்காரர் வட்டைத் திருப்பி லென்ஸை மாற்றும்போதெல்லாம் படம் அறுந்துபோகும். அந்தத் தொல்லை தீர்ந்தது.

புலம்பலுக்கு அவர் கண்ட விடை, மயிரிழை போன்ற கண்ணாடி நூல்களைக் கட்டாகக் கட்டுவது. ஒவ்வொரு நூலும் படத்தின் ஒரு புள்ளியைச் சுமக்கும். இதைச் செய்துகாட்டும் ஆராய்ச்சிக்குத்தான் 1952-ல் இம்பீரியலுக்கு வந்த கபானி அமர்த்தப்பட்டார். ஆயிரக்கணக்கான நூல்களும் உள்ளே நுழைந்த வரிசையிலேயே வெளியே வரவேண்டும். வரிசை கலைந்தால் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் காது இருக்கும். ஈரோட்டுக்காரரான உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ராட்டையில் நூலைச் சிட்டமாகச் சுற்றி, ஓரிடத்தில் பசைபோட்டு இறுக்கி, அந்த இடத்திலேயே வெட்டினால் இரு முனைகளிலும் ஒரே வரிசை கிடைத்துவிடும் அல்லவா? ஏறத்தாழ அதுதான் வழி. இருவர் பெயரிலும் 1954 ஜனவரி 2 ‘நேச்சர்’ இதழில் அது வெளிவந்தது. யோசனை ஆசிரியருடையது, கையுழைப்பில் பெரும்பங்கு மாணவருடையது என்பது என் கணிப்பு. யாருக்கு எவ்வளவு என்பதில் பின்னாளில் இருவருக்கும் மனக்கசப்பு உண்டானது. கபானி அமெரிக்கா போனார், கட்டுரையும் காப்புரிமையுமாக எழுதிக் குவித்தார், ‘ஃபைபர் ஆப்டிக்ஸ்’ என்ற பெயரையே ஊரறியச் செய்தார். 2020-ல் காலமான அவருக்கு மறு ஆண்டு பத்ம விபூஷண் கொடுத்தார்கள்.

ஆனால் தந்தையா? 1930-லேயே ஜெர்மனியில் ஹைன்ரிஷ் லாம் என்ற மருத்துவ மாணவர் இழைக்கட்டு வழியாக மின்விளக்குக்குள் ஒளிரும் கம்பியின் உருவத்தை அனுப்பிக் காட்டியிருந்தார். ஹாப்கின்ஸ்–கபானி கட்டுக்கும் ஒரு பெரிய குறை உண்டு. வெற்று இழைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் ஒளி பக்கத்து இழைக்குத் தாவிவிடும். எண்ணெய்க் கை பட்டாலும் கசியும். இழைக்கு மேலுறை போடவேண்டும் என்பதை அதே இதழில் வான் ஹீல் என்ற டச்சுக்காரர் எழுதினார். அதைக் கண்ணாடியிலேயே சாதித்தவர் அமெரிக்காவின் மிச்சிகனில் இளநிலை மாணவராக இருந்த லாரி கர்ட்டிஸ். ஒளிவிலகல் குறைந்த கண்ணாடிக் குழாய்க்குள் ஒளிவிலகல் கூடிய கண்ணாடித் தண்டைச் செருகி, இரண்டையும் சேர்த்து உருக்கி இழுத்தார். அது 1956 டிசம்பரில். அடுத்த பிப்ரவரியில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற மருத்துவர் அந்த இழைகளால் செய்த கருவியை முதலில் தானே விழுங்கிப் பார்த்தார். இத்தனை பேரில் தந்தை யார், மாமன் யார்? எனக்கு இந்தப் பட்டங்களில் நம்பிக்கை இல்லை.

ஹாப்கின்ஸுக்கு நான் மை செலவழித்தது இழைக்காக அல்ல. அவருடைய தண்டு லென்ஸுக்காக. என் கணக்கில் அதுதான் பெரிய வேலை.

லிவர்பூலைச் சேர்ந்த ஜேம்ஸ் கோ என்ற சிறுநீரகவியல் மருத்துவர், சிறுநீர்ப்பையின் உட்புறத்தைப் புகைப்படம் எடுக்க ஆசைப்பட்டார். உள்ளே விட்டுப் பார்க்கும் குழல் கருவியில் வெளிச்சம் போதவில்லை. 1879-ல் நிட்சே என்ற ஜெர்மானிய மருத்துவர் செய்த காலத்திலிருந்து கருவியின் உள்ளமைப்பு அடிப்படையில் மாறவே இல்லை: நீண்ட உலோகக் குழலுக்குள் நிறையக் காற்று, இடையிடையே பொட்டு பொட்டாகச் சின்ன லென்ஸ்கள். புட்டுக் குழலை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு அதிகம், நடுநடுவே கொஞ்சம் தேங்காய்ப்பூ. மாவு காற்று, தேங்காய் கண்ணாடி. ஹாப்கின்ஸ் இரண்டையும் இடம் மாற்றினார். மாவின் இடம் முழுக்கக் கண்ணாடித் தண்டு, தேங்காயின் இடத்தில் மெல்லிய காற்று. தண்டுகளின் முனைகளை வளைவாகத் தேய்த்ததால் இரண்டு தண்டுகளுக்கு நடுவில் சிக்கிய காற்றே லென்ஸாக வேலை செய்தது.

இதனால் என்ன லாபம்? சட்டைப் பொத்தானை ஒரு குழலுக்குள் நேராக நிறுத்திப் பாருங்கள், சாய்ந்துவிடும். பழைய லென்ஸ்களை நிமிர்த்திப் பிடிக்க உள்ளே இன்னொரு குழாய் வைக்கவேண்டியிருந்தது. அது வழியைக் குறுக்கியது. பென்சிலைப் போட்டால் தானாக நேராக இருக்கும். தண்டும் அப்படித்தான். இப்படிப்பட்ட குழலில் ஒளிவழியின் ஆரம் கூடினால் வெளிச்சம் நான்காம் அடுக்கில் கூடும். ஆரம் பத்து விழுக்காடு கூடினாலே வெளிச்சம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. காற்றுக்குப் பதில் கண்ணாடி வழியே ஒளி போவதால் மேலும் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் அதிகம். வகுப்பில் கரும்பலகையில் போட்டுக்காட்ட ஏற்ற கணக்கு.

1959-ல் காப்புரிமை. அதை அவருடைய நாட்டு நிறுவனங்கள் சீந்தவில்லை, அமெரிக்க நிறுவனங்களும் கைவிரித்தன. லண்டன் பெர்மண்ட்சியின் ஏழைக் குடும்பத்தில் பிறந்து உதவித்தொகையில் படித்த மனிதர் அவர். உங்கள் ‘வெள்ளைக்காரர்’ பட்டியலில் அவருக்குச் சொகுசான இடம் ஒன்றும் கிடையாது. ஜார்ஜ் பெர்ச்சி என்ற அறுவை மருத்துவர் எடுத்துச் சொன்ன பிறகுதான், ஜெர்மனியின் டுட்லிங்கன் ஊரிலிருந்த கருவி செய்பவர் கார்ல் ஸ்டோர்ஸ் 1965-ல் இதைக் கையிலெடுத்தார். கருவி 1967-ல் சந்தைக்கு வந்தது. ஸ்டோர்ஸிடம் ஏற்கெனவே ஒரு சரக்கு தயாராக இருந்தது. விளக்கை உடலுக்கு வெளியே வைத்து, ஒளியை மட்டும் இழைக்கட்டு வழியாக உள்ளே அனுப்பும் ‘குளிர் ஒளி’. அதுவரை குழலின் நுனியில் குட்டி பல்பு எரிந்தது, சில நேரம் சுட்டது.

இங்கேதான் உங்கள் சண்டை முடிகிறது. சென்னையில், உடலுக்குள் பார்க்கும் குழல் கருவியான எண்டோஸ்கோப்பைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் நான் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். எங்கோ வளைந்து அடிபட்ட 4 மில்லிமீட்டர் குழல் ஒன்றைப் பிரித்தார் அங்கிருந்தவர். கவிழ்த்துத் தட்டியதும் தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடித்த கண்ணாடிக் குச்சிகள் ஒவ்வொன்றாக வெல்வெட் துணியில் வந்து விழுந்தன. நான்காவது குச்சி இரண்டு துண்டு. “இந்த ஒன்று போனால் படம் மொத்தமும் போச்சு, சார்” என்றார். பிறகு வெற்றுக் குழலின் அடிப்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டி, நுனியைப் பார்க்கச் சொன்னார். விளிம்பைச் சுற்றிப் பிறை வடிவத்தில் நுண்ணிய புள்ளிகள் மின்னின. ஒளியிழைகள். உங்கள் துணைவியாரின் வயிற்றுக்குள்ளும் பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கும். வெளிச்சம் கபானி பாடுபட்ட இழை வழியே உள்ளே போய், படம் ஹாப்கின்ஸின் தண்டு வழியே வெளியே வந்திருக்கும்.

மருத்துவம் படிக்காதவருக்கு வயிற்றுக்குள் என்ன வேலை என்று கேட்டீர்கள். 1990-ல் இங்கிலாந்து அறுவை மருத்துவர்களின் ராயல் கல்லூரி, மருத்துவரல்லாத ஒருவருக்கு முதன்முதலாக லிஸ்டர் பதக்கம் கொடுத்தது. வாங்கியவர் ஹாப்கின்ஸ். கேள்வியைத் திருப்பியும் போடலாம். 1980-ல் லேப்ராஸ்கோப் வழியாக முதன்முதலில் குடல்வால் அகற்றிய கர்ட் செம், மருத்துவம் படிக்கும் முன் கருவி செய்யும் தொழில் பழகியவர். வயிற்றுக்குள் வாயு ஏற்றும் தானியங்கிக் கருவி உட்பட, தனக்கு வேண்டிய பலவற்றைத் தானே வடிவமைத்துக்கொண்டார்.

கடைசியாக ஒரு யோசனை. இத்தகைய பட்டறைகளில் திருத்தவே முடியாத குழல்கள் கிடக்கும். கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். கிருமி நீக்கியதுதானா என்று விசாரித்துவிட்டு ஒன்றை வாங்கிவந்து மாணவர்கள் முன்னால் நீளவாக்கில் அறுத்துக்காட்டுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணாடித் துகள் பொல்லாதது.