மூன்று கிராம் பாக்கெட் ஒரு வாரம் வரலாமா?

கேள்வி: எனக்கு வயது 39. பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். தினமும் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு கன்னங்களில் விழுந்த மங்கு எட்டு வருடமாகப் போகவில்லை. லேசாக நிறம் கலந்த, எஸ்.பி.எஃப். (வெயில் தடுப்பு எண்) 30 என்று போட்ட சன்ஸ்கிரீன் க்ரீம் ஒன்றின் 3 கிராம் சாம்பிள் பாக்கெட்டை நாத்தனார் கொடுத்தார். ஒரு வாரம் வந்தது. அரிப்பு இல்லை, முகமும் சீராகத் தெரிகிறது. ஆனால் மதியத்துக்குள் நிறமெல்லாம் ஹெல்மெட் வாரில் ஒட்டிக்கொள்கிறது. பெரிய டியூப் வாங்கலாமா? இதுவும் மேக்கப்தானே, கெடுதல் இல்லையா? மங்குக்காக மருந்துக் கடையில் கொடுத்த ஒரு க்ரீமை ஆறு மாதமாக இரவில் போடுகிறேன்.

பதில்: தாராளமாக வாங்கலாம். மேக்கப் என்று நீங்கள் தயங்கும் அந்த நிறம்தான் மங்குக்கு உதவுவது. கோலத்தைச் சுற்றிக் காவி இழுக்கிறோமே, அந்தச் சிவப்புக்குக் காரணமான இரும்பு ஆக்சைடைத்தான் இந்த க்ரீம்களிலும் சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று கலக்கிறார்கள். வெயிலில் புற ஊதாக் கதிர் மட்டும் இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியும், குறிப்பாக அதன் நீலப் பகுதி, நம்மைப் போன்ற மாநிறத் தோலில் மங்கு உள்ள இடத்தை மேலும் கறுக்க வைக்கும். சாதாரண சன்ஸ்கிரீன் அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு தடுக்கும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது ‘ஒரு வாரம் வந்தது’ என்ற வரிதான். எஸ்.பி.எஃப். எண்ணைச் சோதிக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். அந்தக் கணக்கில் முகத்துக்கு மட்டுமே ஒரு கிராமுக்கு மேல் வேண்டும். உங்கள் பாக்கெட் மூன்றாம் நாளே தீர்ந்திருக்க வேண்டும். நீங்கள் பூசியது பாதிகூட இல்லை. அட்டையில் இருக்கும் 30, உங்கள் கன்னத்தில் 10-ஐ எட்டியிருந்தாலே அதிகம்.

சரி, அத்தனையும் இந்த க்ரீமையே அப்பினால் நாடகத்துக்குப் புறப்பட்டது போல ஆகிவிடும். அதனால் முதலில் நிறமில்லாத சாதாரண சன்ஸ்கிரீனை, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகக் கோடு பிழிந்து, முகம் கழுத்து முழுக்கப் பூசுங்கள். அது காய்ந்த பிறகு மேலே நிறம் கலந்ததை, மங்கு உள்ள இடத்தில் கொஞ்சம் தாராளமாக. இரண்டையும் பூசினால் 30-ம் 30-ம் சேர்ந்து 60 ஆகிவிடாது. நிறத்தைக் கடை விளக்கில் தேர்ந்தெடுக்காதீர்கள். தாடையோரம் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்து பாருங்கள். பொருந்தாத நிறம் விபூதி பூசியது போல வெளுத்து நிற்கும்.

ஹெல்மெட் வாரில் இருப்பது கன்னத்தில் இல்லை என்றுதான் பொருள். பூசிக் கால் மணி நேரம் கழித்து ஹெல்மெட்டை மாட்டுங்கள். மதியம் வெளியே கிளம்பும் முன் மறுபடி பூசுங்கள். பெங்களூரில் வேர்க்காது, அதனால் வெயிலும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது; 1000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். சென்னையில் குடை பிடிப்பவர்கள் இங்கே வெயிலில் நின்று காபி குடிக்கிறார்கள்.

எனக்குக் கவலை அந்த இரவு க்ரீமைப் பற்றித்தான். மங்குக்கென்று கடைகளில் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாயின் என்ற இரண்டு மருந்துகளோடு ஒரு ஸ்டீராய்டும் கலந்தது. முதல் மாதம் முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்த நரம்புக் கோடுகளும் பருவும் பூனை முடியும் வரும். ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இலேயே விதி வந்துவிட்டது. இருந்தும் கேட்டால் கிடைக்கிறது. டியூபில் மொமெட்டசோன், குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது ஸ்டீராய்டின் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நீங்களாக ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள், முகம் எரிந்து சிவந்துவிடும். இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், மங்குக்கு அதுவும் ஒரு காரணம். போகும்போது அந்த டியூபைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.