வாசகர் கேள்வி: பூநாரை ஏன் வெள்ளையாக இருக்கிறது?

கே: பிங்க் கலர் பறவை பார்க்கலாம் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டிப் பழவேற்காடு அழைத்துப் போனேன். எல்லாம் வெள்ளையாக நின்றன. வேறு பறவையோ? (பொன்னேரி வாசகி)

அவை பூநாரைகள்தான். அங்கே அதிகம் வருவது பெரிய பூநாரை, தூரத்தில் வெள்ளையாகத்தான் தெரியும். பறக்கும்வரை காத்திருந்திருக்க வேண்டும், இறக்கையை விரித்ததும் உள்ளே இருக்கிற சிவப்பும் ஓரத்துக் கறுப்பும் பளிச்சென்று தெரியும். அந்தச் சிவப்பு சாப்பாட்டில் வருவது. உப்புநீர்ப் பாசியிலும் அதைத் தின்னும் பொடி இறாலிலும் உள்ள கரோட்டினாய்டு நிறமிதான் இறகில் ஏறுகிறது. குஞ்சுகள் சாம்பல் நிறம், சிவப்பேறச் சில வருஷம் ஆகும்.

கே: எந்நேரமும் தலையைத் தண்ணீருக்குள் விட்டிருக்கிறதே, மீன் பிடிக்கிறதா? (வேதாரண்யம் மாணவர்)

இல்லை, சலிக்கிறது! அலகு நடுவில் மடக்கிவிட்ட மாதிரி வளைந்திருக்கும். தலையைக் கவிழ்த்து நீருக்குள் விட்டால் மேல் அலகு கீழே போய்விடும், தடித்த நாக்கு பம்பு மாதிரி முன்னும் பின்னும் ஓடித் தண்ணீரை இழுத்து வெளியே தள்ளும், அலகோரத்தில் சீப்புப் பல் போல இருக்கிற தகடுகளில் இறால், புழு, விதை, பாசி எல்லாம் தங்கிவிடும். டீ வடிகட்டி மாதிரிதான், என்ன, நமக்கு வேண்டாதது அதற்குச் சாப்பாடு. நின்ற இடத்திலேயே காலால் சேற்றை மிதித்துக் கலக்குவதும் உண்டு. அடுத்த முறை அலகை விட்டுவிட்டுக் காலைக் கவனியுங்கள், தலையை நடுவில் வைத்துக்கொண்டு வட்டமாகச் சுற்றிச் சுற்றி மிதிக்கும்.

கே: இதன் கூட்டை நான் பார்த்ததே இல்லை. எங்கே முட்டையிடும்? (ராமநாதபுரம் வாசகர்)

மரத்தில் தேடினால் கிடைக்காது. இந்தியாவில் பெருங்கூட்டமாகக் கூடு கட்டுவது குஜராத்தில், கட்ச் ராண் சதுப்பில். மழைநீர் தேங்கும் வருஷங்களில் அலகால் சேற்றை இழுத்து இழுத்துச் சின்ன மேடு எழுப்பும், உச்சியில் ஒரு குழி, அதில் பெரும்பாலும் ஒரே முட்டை. நீர் கொஞ்சம் ஏறினாலும் முட்டை நனையாது. ஆணும் பெண்ணும் மாறி மாறி ஒரு மாதம்போல அடைகாக்கும். அப்புறம்தான் வேடிக்கை: பிறந்த குஞ்சுக்கு அலகு நேராக இருக்கும், சலிக்க முடியாது. அதனால் இருவருமே தொண்டையில் ஊறும் சிவப்பான பாலை வாய்க்குள் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். அதில் போகிற சிவப்பு அவர்களுடையதுதான், குஞ்சு வளர்க்கிற சீசனில் அம்மா அப்பா இரண்டு பேருமே வெளுத்துப் போவார்கள்.