ஆகஸ்ட்டுக்கு முன்: அயோவா சிட்டி கேள்வி பதில்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இருக்கும் இந்தப் பல்கலைக்கழக ஊருக்கு 2005-ல் மாணவியாக வந்தேன். படிப்பு முடிந்து வேலையும் இங்கேயே கிடைத்தது. இப்போது பிள்ளைகள் இங்கே பள்ளிக்குப் போகிறார்கள். வாடகை, குளிர், புயல், பஸ், ஊர்க்கதை எதுவானாலும் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். விசாவும் வரியும் வேண்டாம். அந்த இரண்டிலும் தப்பாக ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் வாழ்க்கையே சிக்கலாகிவிடும். அவற்றைப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள்.

அக்கா, பழைய லீஸ் (வாடகை ஒப்பந்தம்) ஜூலை கடைசியில் முடிகிறது, புது வீடு ஆகஸ்ட் 1-ல்தான் திறக்கிறார்கள். நடுவில் ஒரு ராத்திரி எங்கே போவது? டெபாசிட் எப்போது திரும்ப வரும்? (முதுகலை மாணவர்)

அந்த ஒரு ராத்திரி ஊரில் பாதிப் பேருக்கு வரும் பிரச்சினைதான். மெத்தை, சோபா, மைக்ரோவேவ் எல்லாம் நடைபாதையில் கிடக்கும். லீஸ் மாறாத நண்பர் ஒருவரை ஜூன் மாதமே பிடித்து வையுங்கள், அவர் வீட்டுக் கூடத்தில் பெட்டிகளை அடுக்கிக்கொள்ளலாம். தெருவில் கிடக்கும் மெத்தையை மட்டும் வீட்டுக்குள் எடுத்து வராதீர்கள். மூட்டைப்பூச்சி வந்துவிட்டால் அதை ஒழிக்க ஆகும் செலவில் மூன்று மெத்தை வாங்கலாம்.

டெபாசிட் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அயோவா சட்டப்படி வீட்டுக்காரர் 2 மாத வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது. நீங்கள் காலி செய்த பிறகு 30 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், அல்லது எதற்கு எவ்வளவு கழித்தார் என்று எழுத்தில் தர வேண்டும். ஆனால் இந்த 30 நாள் ஓடத் தொடங்க இரண்டு விஷயம் நடக்க வேண்டும். நீங்கள் வீட்டை விட்டிருக்க வேண்டும், உங்கள் புது முகவரி அவர் கைக்குப் போயிருக்க வேண்டும். முகவரியே கொடுக்காமல் ஒரு வருடம் போய்விட்டால் பணம் அவருடையதாகிவிடும்.

என் முதல் வீட்டில் எனக்கு நடந்தது இதுதான். போனில் முகவரி சொன்னேன், "எழுதிக்கொண்டேன்" என்றார். செப்டம்பரில் கேட்டால் அப்படி ஒரு அழைப்பே வரவில்லை என்றார். என்னிடம் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அதனால்தான் வருடா வருடம் இதையே சொல்கிறேன்: முகவரியை எழுத்தில் கொடுங்கள். மின்னஞ்சல் அனுப்பினால் அதில் ஒரு நகலை உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

சாதாரணமாகப் புழங்கியதால் வரும் தேய்மானத்துக்குப் பணம் கழிக்கக் கூடாது. கார்ப்பெட் எப்படி இருந்தாலும் கழுவும் கட்டணம் தானாகக் கழியும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவைத்தாலும் அது செல்லாது. இந்த ஊர் வழக்கு ஒன்றில் மாநில உச்ச நீதிமன்றமே 2016-ல் அதைச் சொல்லிவிட்டது. குடிபோகும் அன்றே, ஒரு பெட்டியைக்கூடப் பிரிக்கும் முன், ஒவ்வோர் அறையையும் படம் எடுங்கள். அடுப்புக்குள்ளும் குளிர்சாதனப் பெட்டியின் ரப்பர் ஓரத்தையும் சேர்த்து எடுங்கள்.

கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

தாராளமாக. கேம்பஸ் பேருந்து 1972-லிருந்து இலவசம், பெரும்பாலும் மாணவர்களே ஓட்டுகிறார்கள். 2023 ஆகஸ்ட்டிலிருந்து நகரப் பேருந்திலும் கட்டணம் இல்லை. ஞாயிறு மட்டும் யோசித்துக் கிளம்புங்கள்.

ஊரிலிருந்து ஜெர்கின் வாங்கி வரட்டுமா? எவ்வளவு குளிரும்?

வேண்டாம், இங்கே வந்து வாங்குங்கள். ஊர்க்கடையில் விற்பது மலைவாசஸ்தலக் குளிருக்கானது. 2019 ஜனவரி கடைசியில் இந்தப் பக்கம் மைனஸ் 30 ஃபாரன்ஹீட்டை ஒட்டி இறங்கியது. செல்சியஸில் மைனஸ் 34. பல்கலைக்கழகம் வகுப்புகளை ரத்து செய்தது. அன்று குப்பை போட வாசலுக்குப் போனேன், இருபதடி தூரம்தான். மூச்சை இழுத்ததும் மூக்குக்குள் முடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. கையுறையைக் கழற்றிச் சாவியைப் பிடித்த விரலில் அரை மணி நேரம் உணர்ச்சியே இல்லை.

ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் கையுறையை விட, நான்கு விரலும் சேர்ந்து ஒரே பையில் இருக்கும் கையுறைதான் சூடு தரும். பருத்திக் காலுறை நனைந்தால் காயாது, கம்பளி வாங்குங்கள். டிசம்பரில் ஊருக்குக் கிளம்பும்போது செலவு மிச்சம் என்று ஹீட்டரை அணைத்துவிட்டுப் போகாதீர்கள். குழாய் உறைந்து வெடித்தால் கீழ்வீட்டுக்காரர் நஷ்டமும் உங்கள் தலையில் விழும்.

டெபாசிட் எத்தனை நாளில் வரும்?

மேலே முதல் பதிலைப் படியுங்கள். முகவரியை எழுத்தில் கொடுங்கள்.

எனக்கு அமெரிக்கக் கால்பந்து பிடிக்காது. சனிக்கிழமைகளில் ஊரில் என்ன செய்யலாம்?

மே முதல் அக்டோபர் வரை சனிக்கிழமை காலையில் சான்சி ஸ்வான் பார்க்கிங் கட்டடத்தில் விவசாயிகள் சந்தை கூடும். ஆகஸ்ட்டில் இந்த மாநிலத்து இனிப்புச் சோளம் வாங்கி, அன்றே வேகவைத்துச் சாப்பிடுங்கள். மறுநாள் வரை வைத்தால் அந்த இனிப்பு போய்விடும்.

ஆனால் பிடிக்காவிட்டாலும் ஒரே ஒரு முறை பல்கலைக்கழக அணி ஆடும் கின்னிக் மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். ஊர் ஜனத்தொகை சுமார் 75,000, மைதானத்தில் கிட்டத்தட்ட 70,000 பேர் உட்காரலாம். எதிரிலேயே குழந்தைகள் மருத்துவமனை. அதன் மேல்மாடிச் சன்னல்களிலிருந்து மைதானம் முழுதும் தெரியும். 2017-லிருந்து, முதல் கால்பகுதி முடிந்ததும் மைதானத்தில் இருக்கும் அத்தனை பேரும் எழுந்து, அந்தச் சன்னல்களைப் பார்த்துக் கையசைக்கிறார்கள். எதிரணி வீரர்களும் நடுவர்களும்கூடத் திரும்பி நின்று அசைக்கிறார்கள். மேலே கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு குழந்தைகள் பதிலுக்கு அசைக்கும். என் மகள் 4 வயதில் ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்திருக்கிறாள். அதனால் அந்த ஒரு நிமிடம் என்னால் அழாமல் நிற்க முடிவதில்லை.

புதன்கிழமை காலை 10 மணிக்குத் திடீரென்று சைரன் ஊதியது. பயந்துபோய்க் குளியலறையில் உட்கார்ந்திருந்தேன். யாரும் ஓடவில்லையே?

மாதத்தின் முதல் புதன் என்றால் அது சோதனை ஒலி. நீங்கள் செய்தது சரியான காரியம்தான், வெட்கப்பட வேண்டாம். வேறு எந்த நேரத்தில் ஊதினாலும் டொர்னாடோ (சுழல்காற்று) என்றே எடுத்துக்கொண்டு கீழே இறங்குங்கள்.

பக்கத்து ஊரான கோரல்வில்லில் 9 வருடமாக இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களை இப்படிப் பயமுறுத்த வேண்டுமா? இங்கே ஆறும் மேடும் இருக்கின்றன. டொர்னாடோ ஊருக்குள் வராது, வயல்வெளியோடு போய்விடும் என்று இங்கத்திய பெரியவர்களே சொல்கிறார்கள்.

அப்படிச் சொல்கிறவர்கள் 2006 ஏப்ரல் 13-ஐ மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை. அன்று பெரிய வியாழன், ராத்திரி எட்டரை இருக்கும். டொர்னாடோ தென்மேற்கிலிருந்து வந்து, ரிவர்சைடு சாலைக் கடைகளை நொறுக்கி, நீங்கள் நம்பும் அதே ஆற்றைத் தாண்டி, ஊர் நடுவுக்கே வந்தது. எஃப்-2 வலிமை (0 முதல் 5 வரை போகும் அளவுகோலில் 2). செயின்ட் பாட்ரிக் தேவாலயத்தின் கூரை போனது, பிறகு அந்தக் கட்டடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று. அயோவா அவென்யூவில் மாணவிகள் குடியிருந்த வீட்டுக்குக் கூரையே இல்லை. நாங்கள் நான்கு பேர் பேஸ்மென்டில் (நிலத்தடித் தளத்தில்) துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். காது அடைத்தது, பிறகு சரக்கு ரயில் தலைக்கு மேலே போவது போல ஒரு சத்தம். மேலே வந்து பார்த்தால் எதிர்வீட்டு மரம் எங்கள் தோழியின் கார்மேல் கிடந்தது. தெரு முழுக்கப் பச்சை மரத்தை அறுத்த வாசனை. அத்தனை நடந்தும் இந்த ஊரில் ஒருவரும் சாகவில்லை. சைரன் கேட்டு இறங்கினார்கள், அதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

(அவரே) சரி, ஒரு முறை வந்தது. இத்தனை வருடத்தில் ஒரு முறைதானே? ஒவ்வொரு சைரனுக்கும் இறங்கினால் வேலை பார்ப்பது எப்போது?

வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை, தடவைக்கு அரை மணி நேரம். அதைக்கூடக் கொடுக்க முடியாத வேலை எது என்று எனக்குத் தெரியவில்லை. ஆறு தடுக்கும், மேடு தடுக்கும் என்பதற்கு வானிலை அறிவியலில் இடமே கிடையாது. பல மைல் உயரம் எழும் மேகத்திலிருந்து இறங்குகிற காற்றுக்கு நம் ஊர் மேடு ஒரு பொருட்டில்லை.

(வேறொருவர்) என் ரூம்மேட் சன்னல்களைத் திறந்துவிடச் சொல்கிறான், அழுத்தம் சமமாகுமாம். ஐ-80 நெடுஞ்சாலையில் போகும்போது வந்தால் மேம்பாலத்தடியில் நிற்கலாமா?

இரண்டும் தப்பு, இரண்டாவது ஆளைக் கொல்லும். சன்னலைத் திறந்தால் காற்றும் கண்ணாடியும்தான் உள்ளே வரும், அந்த நேரத்தில் நீங்கள் சன்னல் பக்கம் போகவே கூடாது. பாலத்தடியில் காற்று குறுகி இன்னும் வேகமாகப் பாயும். 1999 மே 3-ல் ஓக்லஹோமாவில் மேம்பாலங்களுக்கு அடியில் ஒதுங்கியவர்கள் செத்திருக்கிறார்கள். அடுத்த வெளிவழியில் இறங்கி உறுதியான கட்டடத்துக்குள் போங்கள். அதற்கும் வழியில்லையென்றால் பெல்ட்டைக் கழற்றாமல், சன்னலுக்குக் கீழே தலையைத் தாழ்த்தி மூடிக்கொள்ளுங்கள்.

(கோரல்வில்காரர்) சைரன் என் வீட்டுக்குள் கேட்பதே இல்லை. அப்படியானால் எனக்கு ஆபத்தில்லை என்றுதானே பொருள்?

இல்லவே இல்லை. அந்தச் சைரன் வெளியில் இருப்பவர்களுக்காக வைத்தது. ஏசி ஓடும் வீட்டுக்குள் கேட்காது. போனில் அவசர எச்சரிக்கையை அணைத்து வைத்திருந்தால் இப்போதே போடுங்கள். அந்த எச்சரிக்கையில் வாட்ச் என்றால் டொர்னாடோ வரக்கூடும், வார்னிங் என்றால் வந்துவிட்டது அல்லது ரேடாரில் தெரிந்துவிட்டது. வார்னிங் வந்த பிறகு பால்கனியில் நின்று வீடியோ எடுக்காதீர்கள். 9 வருடமாக ஒன்றும் ஆகவில்லை என்பது உங்கள் நல்ல நேரம். அதைப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஆலோசனையாகச் சொல்லாதீர்கள், உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

(அவரே) சரி அக்கா. என் அபார்ட்மென்டில் பேஸ்மென்ட் இல்லை, நான் மூன்றாம் மாடி. எங்கே போவது?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். கீழ்த்தளத்துக்கு இறங்கி, சன்னல் இல்லாத உள்பக்க இடத்தில் உட்காருங்கள். நடைக்கூடம், படிக்கட்டுக்கு அடி, துணி துவைக்கும் அறை எதுவானாலும் சரி. செருப்பில்லாமல் போகாதீர்கள், வெளியே வரும்போது தரையெல்லாம் கண்ணாடியாக இருக்கும். தலைக்கு சைக்கிள் ஹெல்மெட் நல்லது. கீழ்வீட்டுக்காரரிடம் இந்த வாரமே பேசி வையுங்கள்.

வெள்ளமும் வருமா?

வரும். 2008 ஜூன் 15-ல் அயோவா ஆறு 31.53 அடிக்கு ஏறியது. 22 அடியே வெள்ள அளவு. பல்கலைக்கழகத்தின் 20-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் தண்ணீர். நூலகத்தின் அடித்தளத்திலிருந்து வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிப் புத்தகங்களை மேலே ஏற்றினோம். என் முன்னால் ஒரு பேராசிரியர், பின்னால் பள்ளிப் பையன். ஆற்றோரத் தரைத்தளத்தில் வீடு பார்க்கிறீர்கள் என்றால் அந்த வருடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள்.

அசோகமித்திரன் இங்கே எங்கே தங்கியிருந்தார்?

இதைக் கேட்டதற்கு நன்றி. 1967-ல் இங்கே தொடங்கிய சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்கு 1973-ல் வந்தார். எழுத்தாளர்கள் தங்கியது வடக்கு டபுக் தெருவில் ஆற்றைப் பார்த்த மேஃபிளவர் கட்டடம், பின்னாளில் அது மாணவர் விடுதியானது. ‘ஒற்றன்’ அந்த மாதங்களிலிருந்து பிறந்த புத்தகம். அதைப் படித்துவிட்டு அந்தத் தெருவில் ஒரு சாயங்காலம் நடந்து பாருங்கள்.

ஓக்லண்ட் கல்லறையின் கறுப்புத் தேவதையைத் தொட்டால் செத்துப்போவார்களாமே?

அது ஒரு தாய் வைத்த சிலை. தெரேசா என்று பொஹீமியாவிலிருந்து வந்த மருத்துவச்சி. 1891-ல் 18 வயது மகனைப் பறிகொடுத்தார், பிறகு கணவரையும். வெண்கலம் காற்றுப் பட்டுக் கறுத்திருக்கிறது, அவ்வளவுதான். வேடிக்கைக்காகச் சிலையின் விரல்களை உடைத்திருக்கிறார்கள். ராத்திரியில் கும்பலாகப் போகாதீர்கள். பகலில் போய், பக்கத்தில் வெட்டிய மரம் போல் இருக்கும் மகனின் நினைவுக்கல்லையும் பாருங்கள்.

விசா ஸ்டாம்பிங்…

வெளிநாட்டு மாணவர் அலுவலகம்.

டெபாசிட் வரவில்லை, வழக்குப் போட வக்கீல் வேண்டுமா?

6,500 டாலர் வரை சிறு வழக்கு நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே போடலாம். அதற்கு முன் பல்கலைக்கழகத்தின் மாணவர் சட்ட உதவி அலுவலகத்துக்குப் போங்கள். முகவரி எழுத்தில் கொடுத்தீர்களா?

(அவரே) இல்லை அக்கா, கொடுக்கவில்லை. காலி செய்து 8 மாதம் ஆகிறது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும் தம்பி. ஒரு வருடம் இன்னும் ஆகவில்லை. இன்று ராத்திரியே உட்கார்ந்து எழுதுங்கள்: உங்கள் பெயர், பழைய வீட்டு எண், காலி செய்த தேதி, இப்போதைய முகவரி. மின்னஞ்சலில் ஒன்று அனுப்புங்கள். நாளைக் காலையில் தபால் நிலையம் திறந்ததும் ரசீது கிடைக்கும் சர்ட்டிஃபைட் மெயிலில் இன்னொன்று. அன்றிலிருந்து 30 நாள் எண்ணுங்கள். பதில் வராவிட்டால் அந்த ரசீதோடு என்னிடம் வாருங்கள், சட்ட உதவி அலுவலகத்துக்கு நானே கூட்டிப்போகிறேன்.